காமிராப் பெட்டிக்குள் ஆர்வில்

ராத்திரி இரண்டு மணி. மலைகளுக்கு நடுவே ஒற்றை மண் சாலை... இந்தக் கதையை எனக்குச் சொன்ன நம்ம கஸ் இருக்கிறானே, அவனுடைய சித்தப்பா ஆர்வில், சினிமாக் காமிராக்காரர், படப்பிடிப்புக்குக் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் தம்பி டெல்.

படத்தை முக்கால்வாசி ஊமைப்படமாக எடுத்தாகிவிட்டது. அதற்குள் ஊரெல்லாம் பேசும் படம் கேட்க ஆரம்பித்ததால், கடைசிக் காட்சிக்கு மட்டும் பேச்சு. பகலில் லாரிச் சத்தம். அதனால் ராத்திரியில் வேலை.

"தூக்குல தொங்கப் போற குதிரைத் திருடன் மூஞ்சியாடா இது? மாப்பிள்ளை மாதிரி இளிக்கிற."

"முதல் தடவையா பேசப் போறேண்ணே. நீ பெட்டிக்குள்ள வேகப் போற, அதை நினைச்சுச் சிரிக்கிறேன்."

காமிராவின் கடகடப்பு மைக்கில் விழக்கூடாதாம். அதனால் ஆர்விலையும் காமிராவையும் சேர்த்து ஒரு மரப்பெட்டிக்குள் அடைத்து, வெளியே தாழ் போட்டார்கள். சுவரெல்லாம் மெத்தை. முன்னால் கனத்த கண்ணாடி. உள்ளே எண்ணெய் வாடை, வியர்வை...

சிவப்பு விளக்கு எரிந்தது. இனி ஒருவரும் இருமக்கூடாது.

டெல் குதிரைமேல் இருந்தான். கழுத்தில் சுருக்கு. கயிற்றின் மறுமுனை கிளைக்கு மேலாக வந்து அடிமரத்தில் பேருக்குச் சுற்றியிருந்தது, இழுத்தால் கழன்றுவிடும்.

மரத்தடியில் ஒருவன் வந்து நின்றான். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஹோபர்ட்.

திருடன் வேஷம் முதலில் அவனுடையதுதான். மூன்று மாதத்துக்கு முன், ஆற்றைக் கடக்கும் காட்சியில் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினான். ஊமைப்படத்தில் யார் எதைக் கத்தினால் என்ன? பிரமாதமாக நடிக்கிறான் என்று ஆர்வில் காமிராவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்... அவன் முழுகும்வரை.

இப்போது ஹோபர்ட் அந்தக் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான். மேலே இன்னொன்று. அவசரமே இல்லாமல்.

"டெல்... இறங்குடா! டேய்!"

கண்ணாடியைக் குத்தினார். கதவை உதைத்தார். டைரக்டர் தலையைக்கூடத் திருப்பவில்லை; யார் கண்ணிலும் ஹோபர்ட் பட்டதாகவே தெரியவில்லை. டெல் மட்டும் கண்ணாடிப் பக்கம் பார்த்து லேசாகச் சிரித்தான். அண்ணன் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்திருப்பான்.

ஹோபர்ட் குதிரையின் காதருகே குனிந்தான். குதிரை ஓரடி நகர்ந்தது. பிறகு இன்னோர் அடி...

தாழைத் திறந்தபோது ஆர்விலுக்குத் தொண்டையில் குரலே இல்லை. முடிச்சை அவிழ்க்க முடியாமல் கயிற்றை அறுத்துத்தான் டெல்லின் உடலை இறக்கினார்கள்.

பேச்சைப் பதிந்த ஒலித்தட்டைப் போட்டுக் கேட்டார்கள். டெல் பேசிய வசனம். அப்புறம் யாரோ குதிரையைக் கிளப்ப நாக்கைத் தட்டும் சத்தம். டக்... டக். அங்கிருந்த ஒவ்வொருவரும் நானில்லை என்றார். டெல் விழுவதை மட்டும் வெட்டிவிட்டு, அந்தச் சத்தத்தை விட்டுவைத்தார் டைரக்டர்.

"இருக்கட்டும்யா. நல்லாத்தானே இருக்கு."

நெவாடாவில் ஒரு சின்ன ஊரில் படம் ஓடியது. ஆர்வில் போனார், உள்ளே நுழைய மனம் வராமல் வாசலிலேயே நின்றார். பண்ணைக்காரர்கள் கட்டிவிட்டுப்போன குதிரைகள் ஏழெட்டு, அரைத் தூக்கத்தில் நின்றன. உள்ளே தம்பியின் குரல் கேட்டது... ஓய்ந்தது.

டக்... டக்.

எல்லாக் குதிரைகளும் ஒன்றாக ஓரடி முன்னால் எடுத்து வைத்தன.