மாலைக் கட்டத்து டிக்

வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எழுத்து வெளுத்துப்போகும், கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தீர்கள், டீச்சர். இதோ, சாய்த்துத்தான் பிடித்திருக்கிறேன். தெரிகிறதா? நீங்கள் கேட்ட பக்கம்தான். இருபத்தேழாம் தேதி. தம்பியின் நோட்டு.

அவன் உங்களை டீச்சர் என்று கூப்பிட்டான், எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. மூளையில் அடிபட்டவர்களுக்குப் பழைய வேலைகளைத் திரும்பப் பழக்கிவிடுகிற படிப்பு படித்தவர் நீங்கள். அந்தப் படிப்புக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அது எனக்குக் கடைசிவரை வாயில் நுழையவில்லை. லேப்டாப் அதே மேசைமேல், அதே நீல டேப் ஒட்டிய இடத்தில்தான் இருக்கிறது. நாற்காலி மட்டும் அவனுடையது. உங்களுக்குப் பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்திய சத்தம் கேட்டது. யார் என்று கேட்கமாட்டேன். இருக்கட்டும், அவரும் கேட்கட்டும். நடுவில் மட்டும் பேசவேண்டாம். துணி அளக்கும்போது யாராவது பேச்சுக்கொடுத்தால் எனக்கு அளவு தப்பிவிடும். முப்பது வருஷத்துப் பழக்கம்.

எங்கள் கடையை நீங்கள் நேரில் பார்த்ததில்லை. மாடியில் வீடு, கீழே கடை. ஜன்னல் திரை, மெத்தை விரிப்பு, அதற்கான கம்பி, வளையம். அப்பா காலத்திலிருந்தே ஏற்பாடு ஒன்றுதான். அளப்பவன் நான், விற்பவன் தம்பி. முன்னால் அவன் உட்காருவான், பின்னால் வெட்டு மேசையில் நான் நிற்பேன். அப்பா ஒரு தடவை சொன்னார்: "பெரியவன் மூஞ்சியைப் பாத்தா வாங்க வந்தவன் கூட விக்க வந்துட்டேன்னு நெனச்சுக்குவான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்கள்: "தம்பி இல்லையா?" இருக்கிறான் என்றால் உட்காருவார்கள். வெளியே போயிருக்கிறான் என்றால், "பரவால்ல, அப்புறமா வர்றோம்" என்று அதே செருப்பை மாட்டிக்கொள்வார்கள். நான் மீட்டர் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பேன். யாரும் என்னை மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. மீட்டர் கம்பையும்தான் யாரும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை.

அப்புறம் அவன் ஏணியிலிருந்து விழுந்தான். மேல் அடுக்கில் இருந்த துணி ரோலை இழுத்தான், ரோல் வந்தது, அவனும் கூடவே வந்தான். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: ஏணி விஷயத்தில் என் கை கிடையாது. அது நிஜமாகவே சறுக்கியது. நான் பொய் சொல்வதாக இருந்தால் இவ்வளவு தூரம் உட்கார்ந்து பேசமாட்டேன்.

மண்டையில் ஆபரேஷன். வலது கை பாதி போயிற்று. காலையில் சொன்னது மத்தியானம் நிற்காது. வலிப்பு வராமல் இருக்கக் காலை ஒரு மாத்திரை, மாலை ஒரு மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்றார் டாக்டர். நான் கடையில் முன்னால் உட்கார்ந்தேன். முதல் மாதம் எல்லோரும் "தம்பி எப்படி இருக்காரு?" என்று கேட்டார்கள். இரண்டாம் மாதம் பாதிப் பேர் கேட்டார்கள். ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள், காலையிலிருந்து சாத்தும்வரை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், என்னிடம் விலை கேட்டார்கள், என்னிடமே வாங்கினார்கள். அன்றைக்கு நான் இரண்டு தடவை சாப்பிட்டேன், டீச்சர். பசி இல்லை. சந்தோஷம்.

அந்த வாரம்தான் நீங்கள் லேப்டாப் திரையில் வந்தீர்கள்.

நல்ல வேலைக்காரர் நீங்கள், முகஸ்துதி இல்லை. அத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் வீட்டு மேசையை என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தீர்கள். எல்லாப் பொருளுக்கும் ஒரே இடம், இடத்தைச் சுற்றி நீல டேப். "அண்ணா, இங்க இருந்து நான் கையை நீட்ட முடியாது. நீங்கதான் எனக்குக் கை, நீங்கதான் எனக்குக் கண்ணு," என்றீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. யாரும் என்னை அதற்குமுன் எதுவாகவும் வைத்துக்கொண்டதில்லை. தம்பி மனைவி கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலைக்கு எட்டு மணிக்கே போய்விடுவாள். பதினொன்றிலிருந்து பன்னிரண்டுவரை கடை வாசலில் பலகையைத் திருப்பிப் போட்டுவிட்டு நான் மேலே வருவேன்.

நோட்டு உங்கள் யோசனை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். செய்ததையெல்லாம் செய்த உடனே இடது கையால் எழுதவேண்டும். மாத்திரைக்குக் காலைக் கட்டம் ஒன்று, மாலைக் கட்டம் ஒன்று, போட்டதும் டிக். பாடம் தொடங்குமுன் அன்றைய பக்கத்தைக் கேமராவில் காட்டவேண்டும், நீங்கள் படம் எடுத்துக்கொள்வீர்கள். அவனிடம் நீங்கள் சொன்னது எனக்கு வரி தவறாமல் ஞாபகம் இருக்கிறது: "உங்க மண்டை ஒண்ணு சொல்லி, நோட்டு ஒண்ணு சொன்னா, நோட்டை நம்புங்க சார். எழுதினது நடந்துச்சு. எழுதாதது நடக்கல."

அவன் முதல் பக்கத்தில் அதை எழுதிவைத்தான். அதற்குக் கீழே, அவனாகவே இன்னொரு வரி: "அதுலயும் சந்தேகம் வந்தா அண்ணனைக் கேள்."

இரண்டு மாதத்தில் கை திருந்தியது. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. பட்டன் போட்டான், விரிப்பை மடித்தான். நான்தான் துணியைப் பிடித்துக்கொடுத்தேன். அதன் பிறகு ஒரு நாள், "இனிமே கடை வேலையைப் பழகலாம். அண்ணா, நீங்க வாடிக்கையாளர். அவர்கிட்ட பேரம் பேசுங்க," என்றீர்கள். நான் நீலத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"மீட்டர் எவ்ளோப்பா?" என்றேன்.

"விலை இருக்கட்டும் சார், எங்கயும் ஓடிப்போகாது. ஜன்னல் எந்தப் பக்கம்?"

"மேற்கு."

"மத்தியானம் தூங்கறவங்க யாரு வீட்ல?"

அந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறினேன். "நான்தான்," என்றேன்.

"அப்ப இது வேண்டாம். நாலு மணி வெயில் இதுக்குள்ள பூந்து உங்க கண்ணுல உக்காந்துக்கும். அடியில கனத்த துணி ஒண்ணு சேத்துத் தைக்கணும். நூத்தி எண்பது."

"நூத்தி இருபதுக்குக் குடு."

"நூத்தி இருபதுக்கும் வச்சிருக்கேன். ஆனா உங்களுக்குக் காட்ட மாட்டேன். வாங்கிட்டுப் போயி தூக்கம் வராம படுத்துக்கிட்டு என்னைத் திட்டுவீங்க. எனக்கு இங்க விக்கல் எடுக்கும்."

நூற்றெழுபத்தைந்துக்கு ஒத்துக்கொண்டேன். அடித்துணி தனி. நீங்கள் கைதட்டிச் சிரித்தீர்கள். "அண்ணா, உங்க கடைத் துணியையே உங்களுக்கு வித்துட்டாரு பாருங்க. ஆனா அண்ணன் நல்லா நடிக்கிறீங்க."

நான் நடிக்கவில்லை, டீச்சர். நிஜமாகவேதான் குறைத்துக் கேட்டேன்.

பாதி மூளை என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினாரே, அந்தப் பாதியை வைத்துக்கொண்டு என் முழுசை விலைக்கு வாங்கிவிட்டான். அதுகூடப் பரவாயில்லை. பத்து நிமிஷம் கழித்து, "என்ன அண்ணா, கையில நீலத் துணி? யாராவது கேட்டாங்களா?" என்றான். ஜெயித்தது அவனுக்கு மறந்துபோயிற்று. தோற்றது எனக்கு மறக்கவில்லை. இதில் யாருக்குச் சிகிச்சை தேவை என்று அன்றைக்கு யோசித்துக்கொண்டே படி இறங்கினேன்.

அடுத்த வாரம் நாள் குறித்தீர்கள். ஒன்றாம் தேதி முதல், தினம் இரண்டு மணி நேரம், கடையில், முன் இருக்கையில். அவன் கோணல் எழுத்தில் பக்கம் முழுக்க எழுதினான்: "ஒன்றாம் தேதி கடை." எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "அண்ணா, நீ பின்னாடி போய் நிம்மதியா நில்லு. எனக்காக ரொம்ப நாள் முன்னாடி உக்காந்து கஷ்டப்பட்டுட்ட," என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அவனிடம் இருந்த கெட்ட குணம். எதையும் அன்பாகவே சொல்லிவிடுவான், திருப்பி ஒன்றும் சொல்ல முடியாது.

முதலில் சின்னதாகத்தான் செய்துபார்த்தேன். அடிபட்ட பிறகு அவன் எழுத்து அவனுடையது இல்லை. இடது கையால் யார் எழுதினாலும் அதே எழுத்துதான் வரும். எனக்கும் வந்தது. "மனைவிகிட்ட போன்ல பேசினேன்" என்று ஒரு வரி எழுதிவைத்தேன். சாயங்காலம் அவள் வந்ததும் ஆரம்பித்தாள்.

"மத்தியானம் ஒரு போன் பண்றேன்னு சொன்னீங்கல்ல? நான் கவுன்டர்ல உக்காந்து போனையே பாத்துட்டு இருந்தேன்."

"பேசினேனே. நோட்ல இருக்கு பாரு."

"நோட்டுகிட்டயே குடித்தனம் பண்ணுங்க. நான் கிளம்பறேன்."

"மாமா, நீங்களாவது சொல்லுங்க," என்று அவள் என் பக்கம் திரும்பினாள். இரண்டு பேரையும் சமாதானம் செய்துவைத்தது நான்தான். அவன் நோட்டை நம்பினான், அவள் என்னை நம்பினாள். எல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி நடந்தது.

பதினாறாம் தேதி மாத்திரைக்கு வந்தேன். வாரத்துக்கான மாத்திரையைப் பெட்டியில் பிரித்துப் போடுவது என் பொறுப்பு. அவன் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் காலை மாத்திரையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கட்டத்தில் டிக் போட்டேன்.

"அண்ணா, மாத்திரை போட்டேனா?"

"நோட்டு என்ன சொல்லுது?"

"போட்டாச்சுங்குது."

"அப்ப போட்டாச்சு."

அவ்வளவுதான். விஷம் வைக்கவில்லை. எதையும் கொடுக்கவில்லை. அவனைக் கொல்லவேண்டும் என்று நினைத்திருந்தால் அதற்கு வேறு வழிகள் இல்லையா? ஒன்றாம் தேதி தள்ளிப்போகவேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு சின்ன வலிப்பு, டாக்டர் பயந்துபோய், "இன்னும் ஒரு ஆறு மாசம் போகட்டும்," என்று சொல்வார். எடுத்த மாத்திரைகளைத் தூக்கியும் போடவில்லை, திரை வளையம் போட்டுவைக்கிற டப்பாவில் இருக்கின்றன. பொருளை வீணாக்குகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

பதினொரு நாள் ஒன்றும் ஆகவில்லை. மாலை மாத்திரை அவனைத் தாங்கிப்பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள்தான் மிச்சம். இருபத்தேழாம் தேதி காலை, மாலை மாத்திரையையும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். வேலை முடிந்து வருகிறவளும் டிக் இருந்தால் நம்பிவிடுவாள்.

அங்கேதான் கை தப்பிற்று. ஜோடித் திரை வெட்டும்போது இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஒரே வீச்சில் இரண்டுக்கும் சாக்பீஸ் கோடு போட்டுவிடுவேன். தனித்தனியாகப் போட்டால் அளவு பிசகும். கட்டங்களும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. காலைக்கு ஒரு டிக், அதே வீச்சில் மாலைக்கும் ஒரு டிக். பதினொரு மணிக்கு அவன் பக்கத்தைக் காட்டினான், நீங்கள் படம் எடுத்தீர்கள். பாடத்துக்கு அவசரம், நீங்களும் அப்போது பார்க்கவில்லை. இப்போது பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள், காலை பதினொரு மணிக்கு மாலை மாத்திரையை எப்படிப் போட்டார் என்று. நியாயமான கேள்வி. தேவையே படாத டிக் அது. அன்றைக்குச் சாயங்காலம் வரவே இல்லை.

பேரத்தின் நடுவில்தான் வலிப்பு வந்தது. "மேற்கு ஜன்னலா?" என்று கேட்டான், வாய் கோணிற்று, மேசையை இடித்துக்கொண்டு கீழே சரிந்தான். நீங்கள் கத்தினீர்கள்: "ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. மணியைப் பாருங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க." மணியைப் பார்த்தேன். பதினொன்று இருபத்திரண்டு. லேப்டாப் இடிபட்டுச் சாய்ந்து உங்களுக்கு மின்விசிறிதான் தெரிந்தது என்று அன்றைக்கே சொன்னீர்கள். அது இடிபடவில்லை. நான்தான் திரையைப் பின்னால் சாய்த்தேன். மற்றதெல்லாம் நீங்கள் காதால் கேட்டதுதான்.

"ஒருக்களிச்சு வச்சீங்களா அண்ணா?"

"வச்சுட்டேன் டீச்சர்."

"ஆம்புலன்ஸ்?"

"சொல்லிட்டேன். வர்றாங்க."

நான் ஜன்னல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேற்கு ஜன்னல். அவன் மல்லாந்து கிடந்தான். தொண்டையில் ஏதோ நுரைத்துக்கொண்டிருந்த சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும். கீழே வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தமும் கேட்டது. பலகையைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. மேலே பார்த்து, "தம்பி இல்லையா?" என்று ஒரு பெண் குரல். ஏழு மாதம் கழித்து. பதினொன்று முப்பத்தொன்றுக்குத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அந்த ஒன்பது நிமிஷம் என்ன நினைத்தேன் என்று கேட்காதீர்கள். அளந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இப்போது வருகிறவர்கள் எல்லோரும் அவனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உயிரோடு இருந்தபோது பேசியதைவிட அதிகமாக. அது நான் எதிர்பார்க்காத ஒன்று.

நீங்கள் கேட்ட பக்கத்தின் கடைசி வரியையும் காட்டிவிடுகிறேன். கொஞ்சம் சாய்க்கிறேன், இருங்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், இடது கையால் நான் எழுதியது: "11.22. அண்ணன் உடனே ஒருக்களித்துப் படுக்க வைத்தான்." தினமும் காலையில் எடுத்துப் படிக்கிறேன். இப்போதெல்லாம் அவன் தோள் என் கையில் கனத்ததுகூட ஞாபகம் வருகிறது. மண்டை வேறு என்னவோ சொல்கிறதுதான். ஆனால் எதை நம்பவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே, டீச்சர்.