லகாட் டெய்லிங்ஸின் கடைசிக் கச்சேரி

உங்கள் காவலர் காலையில் என் வலது கை நகங்களை வெட்டச் சொன்னார். முடிந்தால் அதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர். ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் கிதார் வாசிப்பவனுக்கு நகம்தான் எல்லாம். இந்த நீளத்துக்கு வளர ஆறு வாரம் ஆயிற்று.

என் பெயர் குலசிங்கம். வயது அறுபத்து நான்கு. அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன், ஈப்போ பக்கம் லகாட்டில் வீடு. உடையப்பனை முப்பத்தாறு வருடமாகத் தெரியும். அவன் சிம்பாங் பூலாய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்தை விற்றபிறகு கல்லுடைக்கும் மலையில் லாரி ஓட்டினான். கிதாரில் விரல் வைத்து முதல் மூன்று கார்டுகளை அவனுக்குக் காட்டிக்கொடுத்தது நான். குரல் அவனுடையது, அதை நான் மறுக்கவில்லை. எங்கள் புளூஸ் ராக் குழுவுக்கு லகாட் டெய்லிங்ஸ் என்று பெயர் வைத்ததும் நான்தான். எங்கள் ஊர்ச் சுரங்கங்களில் ஈயத்தை எடுத்த பிறகு மிஞ்சுகிற மணலை டெய்லிங்ஸ் என்பார்கள்.

கல் தூசியால் அவனுக்கு ஆஸ்துமா வந்தது. சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். அவன் அதைப் பம்பு என்பான். மறதிக்காரன். அதனால் பன்னிரண்டு வருடமாக இன்னொரு பம்பு என்னிடம் இருந்தது. அவன் மனைவி புனிதா கொடுத்துவைத்தது. "இவரு தொலச்சிருவாரு அண்ணே. நீங்க வச்சிருந்தா எனக்கு நிம்மதி" என்றாள். ஒரு மேடைக்குக்கூட நான் அதை மறந்து வந்ததில்லை.

போன மாதம் ஈப்போவில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் வாசிக்க அழைத்தார்கள். மின்கிதார் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து, மரக்கிதாரோடு, எண்பது பேர் முன்னால். எங்கள் டிரம்ஸ்காரன் ஷானுக்குத் தட்டுவதற்கு ஒரு மரப்பெட்டி.

ஒத்திகையை ஷான் கைப்பேசியில் பதிவு செய்தான். மறுநாள் கோப்பிக் கடையில் உடையப்பன் அதை எனக்குப் போட்டுக் காட்டினான்.

"கோவிச்சுக்காதீங்க சிங்கம் அண்ணே. நீங்க கொஞ்சம் பிந்தி வாரீங்க. எல்லாப் பாட்டுலயும்."

"எப்ப இருந்து?"

அவன் கோப்பியைக் கலக்கினான். "எப்பவுமேதான் லா. முன்ன பெரிய சத்தத்துல தெரியல. இப்ப தெரியுது. நாலு பாட்டு மட்டும் வாசிங்க, போதும். மத்ததுக்குச் சும்மா பக்கத்துல உக்காந்திருங்க. நீங்க இல்லாம நான் மேடை ஏற மாட்டேன், தெரியும்தானே."

சரி என்றேன். அவனுக்கு இன்னொரு கோப்பியும் சொன்னேன். எனக்குக் கோபம் இல்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவை வாங்கி வீட்டில் பதினொரு தடவை கேட்டேன். வரிக்கு வரி நடுவில் அவன் மூச்சு இரைவது தெளிவாகக் கேட்டது. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இசை என்று வந்தால் எல்லோருக்கும் ஒரே நியாயம் இருக்க வேண்டும். நான் யோசித்தது அவ்வளவுதான்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நிகழ்ச்சி. மூன்று மணிக்கு அவன் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு முகம் கழுவப் போனான். நான் அதன் பையிலிருந்த பம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கழிவறைக்குப் போய், ஜன்னலுக்கு வெளியே நீட்டி அமுக்கினேன். நூறு தடவைக்கு மேல் இருக்கும். வாசிக்கிற கை வலிக்கக் கூடாது என்று பாதியில் கை மாற்றிக்கொண்டேன். காலியானதும் அதே பையில் வைத்தேன். தொடங்குமுன் மாடியில் சாம்பிராணி போடச் சொன்னதும் நான்தான். நல்ல யோசனை என்றார்கள். கிதார் சத்தம் கேட்க வேண்டுமே என்று மின்விசிறிகளை அவர்களே நிறுத்தியிருந்தார்கள்.

மூன்றாவது பாட்டில் அவனுக்கு இரைப்பு வந்தது. பம்பை எடுத்து இரண்டு தடவை அமுக்கினான். குலுக்கிப் பார்த்தான். பாட்டின் உருக்கத்தில் தொண்டை அடைக்கிறது என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். பிறகு என் பக்கம் திரும்பினான். சந்தேகமாகப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடமாக நீட்டுவது போல் கையை நீட்டினான்.

என் கைகள் இரண்டும் கிதாரில் இருந்தன.

ஷான் தட்டுவதை நிறுத்தினான். முன்வரிசையிலிருந்து புனிதா ஓடி வந்தாள். "அண்ணே, பம்பு எங்க? உங்க கிட்டதானே இருக்கு?" நான் கிதார்ப் பெட்டியைக் கண்ணால் காட்டினேன். அவள் தரையில் உட்கார்ந்து அதைக் கொட்டித் தேடினாள். பம்பு என் சட்டைப் பையில், கிதாருக்குப் பின்னால் இருந்தது. அவன் நாற்காலியிலிருந்து சரிந்தான். யாரோ ஆம்புலன்ஸுக்கு அழைத்தார்கள். நான் பாட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக என் கிதார் மட்டும் தனியாக ஒலித்தது. நிறையப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். வாசிப்பு அவர்களைத் தொட்டிருக்க வேண்டும்.

ஆமாம், உடையப்பனைக் கொன்றது நான்தான். என் பையிலிருந்து உங்கள் ஆட்கள் எடுத்த பம்பு நிறைந்திருந்தது, அதுவும் உண்மை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள்.

ஒரே ஒரு விஷயம். அடுத்த மாதம் தெலுக் இந்தானில் ஒரு நிகழ்ச்சி ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதை ரத்து செய்ய வேண்டாம் என்று ஷானிடம் சொல்லுங்கள். பாடுவதற்கு நான் இருக்கிறேன். உடையப்பன் கேட்டால் சந்தோஷப்படுவான்.