அழகுக்காக ஒரு வரி

என் கையெழுத்து நன்றாக இருக்கும் ஐயா. இந்தத் தாள்களை வாசிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது. உறவில் எந்தக் கல்யாணம் என்றாலும் பத்திரிகை உறைகளில் முகவரி எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். யாருக்கும் புரியாமல் எழுதுவது என் பிறவிக் குணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது நான் பாடுபட்டுக் கற்றுக்கொண்டது.

கற்றுக்கொடுத்தவர் மணிமணி, என் அடுத்த மேசைக்காரர். மணிமணியாகக் கம்ப்யூட்டர் நிரல் எழுதுவார் என்பதால் அந்தப் பெயர். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் இது எதற்காக, இங்கே தொட்டால் எங்கே அசையும் என்று விளக்கம் எழுதிவைப்பார். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடரலாம். அப்படித்தான் தொடர்ந்தார்கள். கடைசி விளக்கத்தை எழுதி முடித்த கையோடு, அவர் வேலையை இரண்டு புதியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, அவரிடம் ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கறிவேப்பிலை கதைதான். அதற்குப் பிறகும் அந்த மனிதர் இஸ்திரி போட்ட சட்டையோடு காலையில் கிளம்பி வந்து, அலுவலகத்துக்கு எதிர்ப்புற டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் சொல்லவில்லை. என் நாற்காலி ஜன்னலை ஒட்டி இருந்ததால் அவருடைய வழுக்கைத் தலை எனக்குத் தெரியும். எனக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பயந்தேன் ஐயா.

எங்கள் கம்பெனி செய்வது ஆஸ்பத்திரிகளுக்கான ட்ரிப்ஸ் மெஷின். எவ்வளவு மருந்து எவ்வளவு வேகத்தில் ஏற வேண்டும் என்று நர்ஸ் எண்ணை அழுத்துவார். மோட்டார் அதன்படி ஓடும். அந்த மோட்டாரை ஓட்டுகிற நிரல் என்னுடையது. நான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி எழுதினேன். பெயர்களை ஒற்றை எழுத்தாக்கினேன். நேராகச் சொல்ல வேண்டியதைச் சுற்றிவளைத்துச் சொன்னேன். மெஷினின் நினைவில் ஒரே இடத்துக்கு இரண்டு வேலை கொடுத்தேன். மெஷின் முன்போலவே ஓடியது. என்னைத் தவிர வேறு யாராலும் அதைத் தொட முடியாது என்று ஆனதும்தான் எனக்குத் தூக்கம் வந்தது. பிள்ளைகுட்டிக்காரன் செய்கிற காரியம்தானே இது, நீங்களே சொல்லுங்கள்.

முதல் புகார் ஒரு பெண்மணி இறந்தபோது வந்தது. மறுநாள் வீடு திரும்ப வேண்டியவர், பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. மருந்து பத்து மடங்கு ஏறிவிட்டது. நர்ஸ் தவறான எண்ணை அழுத்திவிட்டதாக ஆஸ்பத்திரி சொன்னது. தவறாக அழுத்தியது உண்மை, ஆனால் உடனே திருத்திவிட்டேன், திரையில் சரியான எண்தான் இருந்தது என்று நர்ஸ் சொன்னார். அந்த நர்ஸ் என் மச்சினி. என் மனைவிக்கு ஒரே தங்கை.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான் சோதனை அறையில் ஒரு மெஷினை வைத்துப் பார்த்தேன். மருந்துக்குப் பதில் தண்ணீர். தவறான எண்ணை அழுத்தி, சட்டென்று திருத்தினேன். திரை திருந்தியது. மோட்டார் திருந்தவில்லை. கண்ணாடிக் குவளை நிரம்பி வழிந்தது. ஒரே இடத்துக்கு இரண்டு வேலை கொடுத்தேன் என்றேனே, அதன் விளைவு: அந்த இடம் இன்னொரு வேலையில் இருக்கிற கணத்தில் திருத்தினால் அது மோட்டாருக்குப் போய்ச் சேராது. மெதுவாகத் திருத்தினால் ஒன்றும் ஆகாது. கை வேகமான நர்சுகளுக்குத்தான் வம்பு. என் மச்சினிக்குக் கை வேகம். மேசையைத் துணியால் துடைத்துவிட்டு நானும் சாப்பிடப் போனேன்.

சத்தம் போடாமல் திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். புகார் வந்த நிரலில் கை வைத்தால், இன்னொருவர் முழுவதும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் அலுவலக வழக்கம் அது. இன்னொருவர் படித்தால் இன்னொருவருக்குப் புரியும். புரிந்தால் டீக்கடையில் மணிமணிக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு பெஞ்சு.

அந்த வாரம் மச்சினி வீட்டுக்கு வந்தாள். சமையலறை வாசலிலேயே நின்றாள்.

"அத்தான், நான் மாத்திட்டேன். என் கண்ணால பார்த்தேன். அந்த மெஷினுக்கு நீங்கதானே எழுதுனீங்க? அப்படி ஆக வாய்ப்பிருக்கா?"

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வேலை போனது, வழக்கு வந்தது. பிறகு கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று நாலு தடவை போய்ப் பார்க்கத் தொடங்கினாள். "என் கண்ணையே நம்ப முடியலக்கா" என்று என் மனைவியிடம் அழுதாள். எனக்கும் மனசு சங்கடப்பட்டது. நல்ல டாக்டராகப் பார்த்து நான்தான் அழைத்துப் போனேன்.

இனி விசாரணையில் நீங்கள் கேட்ட போட்டிக்கு வருகிறேன்.

புகாருக்குப் பிறகு என் நிரலைப் படித்துப் பார்க்க ஒரு பெண்ணை நியமித்தார்கள். சொல்லுக்குச் சொல் அர்த்தம் கேட்பதால் அவளுக்குப் பதவுரை என்று பெயர் வைத்திருந்தோம். நிரலை அச்செடுத்துச் சாப்பாட்டு அறைக்கே கொண்டுவந்து விடுவாள். "அண்ணே, இந்த ஒத்தை எழுத்து இங்க எதுக்கு நிக்குது?" என்பாள். ஒருநாள் அவள் ஒரு வரியைச் சத்தமாக வாசிக்க, பக்கத்து மேசைக்காரருக்குப் புரையேறிவிட்டது. அறையே சிரித்தது. எனக்குப் புத்தியில் உறைத்தது அப்போதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும் ஐயா. சுற்றியிருப்பவர்கள் சிரித்துக்கொண்டிருந்தால் போதும்.

"ஒரு போட்டி வெச்சா என்ன? யாருக்கும் புரியாத மாதிரி யார் எழுதுறாங்கன்னு பார்ப்போம்" என்றேன்.

விதிகளையும் நானே வகுத்தேன். நிரல் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். ஒழுங்காக ஓட வேண்டும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நடுவர்களுக்குப் புரிந்துவிட்டால் தள்ளுபடி. ஜெயித்தவர் மேடையேறி வரிவரியாக விளக்க வேண்டும். முதல் போட்டியில் ஒருவர் எல்லாப் பெயர்களையும் உறவுமுறையில் வைத்திருந்தார். மருமகனை மாமியாரால் வகுத்தால் மீதி பூஜ்ஜியம் வரும். இன்னொருவர் நிரலை எழுதிய விதத்தில் அது தூங்குகிற பூனை போல இருந்தது. ஓடவிட்டால் கொட்டாவி விடும். வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும் மனமாரத்தான் சிரித்தேன். வேறு கம்பெனிகளிலிருந்தெல்லாம் வந்து கலந்துகொள்ள ஆரம்பித்தார்கள்.

புரியாமல் எழுதுவது எங்களிடையே ஒரு பெருமையாகிவிட்டது. இந்த நிரலை யாராலும் படிக்க முடியாது, மெஷின்களைத் திரும்பப் பெறுவதே நல்லது என்று பதவுரை மேலாளரிடம் சொன்னபோது அவர் என் தோளில் தட்டினார். "அப்போ பரிசை இவருக்கே குடுத்துடலாம்!" அதோடு விஷயம் முடிந்தது. மெஷின்கள் வார்டுகளில் அப்படியே இருந்தன. அதன் பிறகு இரண்டு பேர். ஒருவர் சின்னப் பையன். அவர்களுக்கும் நர்சுகள்தான் பதில் சொன்னார்கள்.

போன மாதப் போட்டிக்குப் பெயர் போடாமல் ஒரு பக்கம் வந்தது. நடுவர்களில் நானும் ஒருவன். பார்த்த கணமே தெரிந்தது, என் மோட்டார் நிரல். பதவுரை அனுப்பியிருந்தாள். நான் அதைத் தள்ளியிருக்கலாம். மற்ற நடுவர்கள் டீயை ஆறவிட்டு விழிபிதுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் முழு மதிப்பெண் போட்டேன். அதற்கு அந்தத் தகுதி இருந்தது ஐயா, மனசாட்சிக்கு விரோதமாக எப்படிக் குறைப்பது?

பரிசை அறிவித்ததும் பதவுரை எழுந்து, "எழுதினவர் இங்கேயேதான் இருக்கார்" என்று என்னைக் காட்டினாள். அரங்கமே கைதட்டியது. எனக்காக யாரும் அதுவரை கைதட்டியதில்லை. கண் கலங்கிவிட்டது. மேடையேறி வரிவரியாக விளக்கினேன். நடுவில் ஒரு வரி வந்தது, ஒரே இடத்துக்கு இரண்டு வேலை கொடுக்கிற அந்த வரி.

"இது சும்மா, அழகுக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அழகுக்குத்தானா அண்ணே? அப்போ எடுத்துடலாமா?" என்று கேட்டாள் பதவுரை.

"வேண்டாம்."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அதை வெறுமனே எடுத்தால், ஓடுகிற மெஷின் அத்தனையும் நின்றுவிடும். தொழில்காரன் வாய் அந்த விஷயத்தில் மட்டும் பொய் சொல்ல மறுத்துவிட்டது. அரங்கில் சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. கடைசி வரிசையில் என் மச்சினி எழுந்து நின்றாள். பதவுரைதான் அழைத்து வந்திருக்கிறாள். எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"அத்தான், அப்போ நான் பார்த்தது சரிதானே?"

அதற்கான பதிலை இங்கே எழுதித் தருகிறேன், அவளிடம் காட்டுங்கள்: அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. மூன்று சாவுக்கும் காரணம் என் நிரல். அது முதல் சாவிலிருந்தே எனக்குத் தெரியும். போட்டியை நான் தொடங்கியது அதை மறைக்கத்தான். எந்த வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன்.

அந்த வரியை எப்படி மாற்ற வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். பதவுரை ராப்பகலாக முயன்றும் பிடிபடவில்லையாம், கெட்டிக்காரிதான், பாவம். மாற்று மெஷின் இல்லாத ஆஸ்பத்திரிகள் நிறைய இருப்பதால் அவசரம் என்கிறீர்கள். புரிகிறது. எனக்கும் அக்கறை இல்லாமலா? ஆனால் அதைத் தாளில் எழுதித் தருகிற விஷயமாக நினைக்காதீர்கள். எழுதித் தந்த மணிமணி என்ன ஆனார் என்று முதலிலேயே சொன்னேன். நான் வந்துதான் செய்ய வேண்டும். ஜன்னலோரம் இருந்த என் நாற்காலியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதை மட்டும் திரும்பப் போடச் சொல்லுங்கள், அரைமணி வேலை. அதுவரைக்கும் நர்சுகளைக் கொஞ்சம் மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள்.