பாறை துடைக்கிற துண்டு

ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், பங்குனி வெயிலில், முன்சீட்டுப் பேச்சு தானாகக் காதில் விழுந்தது. தோளில் துண்டோடு ஓர் ஏட்டையா. பக்கத்தில் அதே ஸ்டேஷன் இளம் போலீஸ்காரர்.

“அருவியில சொட்டுத் தண்ணி இல்ல, ஏட்டையா. துண்டு என்ன, பாறையத் தொடைக்கவா?”

ஏட்டையா குரலைத் தாழ்த்தினார். “மனசு டாக்டரப் பாக்கப் போறேம்லே. தூக்கமே இல்ல. வீட்டுல குளிக்கப் போறேன்னு சொல்லிருக்கேன். ஸ்டேஷன்ல சொல்லிராத, சிரிப்பானுவ.”

இளையவர் பையைத் திறந்து தன் துண்டைக் காட்டினார்.

“நானும் குளிக்கன்னுதான் சொல்லிட்டு வாரேன். அதே டாக்டருதான்.”

“நீயுமாலே? இப்ப தூங்குதியா?”

“நல்லாத் தூங்குதேன், ஏட்டையா.”

கொஞ்ச நேரத்தில் ஏட்டையா இளையவர் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார். குற்றாலத்தில் மற்ற எல்லோரும் இறங்கினோம். அந்தப் போலீஸ்காரப் பிள்ளை அவரை எழுப்பவில்லை.