ஜீவிதாவுக்கு நான் எடுத்த பாடம்

தமிழில் ஒரு 'உம்' போட்டால் வேலை முடிந்தது, மேடம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'ஆல்ஸோ' பெரும்பாலும் வினைச்சொல்லுக்கு முன்னால் வரும், 'டூ' கடைசியில் வரும். இல்லை, பிடிக்காது என்று சொல்லும்போது இரண்டும் ஆகாது, 'ஈதர்' வேண்டும். குவெம்புநகரில் நான் நடத்தும் ஆங்கில வகுப்பில் பாதிப் பேர் இங்கேதான் சறுக்குவார்கள்.

ஜீவிதா சறுக்கவில்லை. ஹனூர்ப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். ஆனாலும் என் வகுப்பில் அவள் அளவுக்குச் சுத்தமாக யாரும் பேசியதில்லை. அதற்காகத்தான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

கல்யாணமான பிறகு ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து வரவேற்பாளர் வேலை இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. அந்த வேலைக்குப் போனால் என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்களோடு நாள் முழுக்கப் பேசுவாள். எனக்குப் பயமாக இருந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

என் எதிரில் உட்கார்ந்துதான் பேசிப் பழகினாள். "ஐ டோன்ட் லைக் காபி ஈதர்" என்றாள். சரியான வாக்கியம். தப்பு என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. பக்கத்தில் நகர்ந்து வந்து, "அப்ப எப்படிங்க சொல்றது?" என்று கேட்டாள். என்னிடம் அவள் எதையும் கேட்டு வெகு நாளாகியிருந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாளும் அப்படியே செய்தேன். சரியாகச் சொன்னால் தப்பு என்றேன். நான் சொன்னபடி மாற்றிச் சொன்னால் அதுவும் தப்பு. கோபப்பட்டதே இல்லை. சிரித்துக்கொண்டேதான் திருத்தினேன். இன்டர்வியூவில் வாயே திறக்க வரவில்லை என்று அழுதுகொண்டு வந்தாள். மசால் தோசை வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன்.

எதிர்வீட்டுக் கமலம்மாள் ஜன்னல் வழியாகச் சாப்பிட்டாயிற்றா என்று கன்னடத்தில் விசாரிப்பார். ஜீவிதா சொன்ன பதிலிலும் ஒரு பிழை காட்டினேன். அதன்பின் அவள் ஜன்னலுக்குப் போகவில்லை. ஊருக்குப் போனில் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் தமிழையும் திருத்தினேன். கொஞ்ச நாளில் போன் அடித்தால் அவளாகவே எடுத்து என்னிடம் நீட்டினாள். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று நான் சொல்லிவிடுவேன்.

வெளியே விடாமல் அடைத்து வைத்தேன் என்று அவள் வீட்டார் உங்களிடம் கொடுத்த புகாரில் இருக்கிறது. அது மட்டும் பொய். நான் கதவைப் பூட்டியதே கிடையாது. கமலம்மாளைக் கேட்டுப் பாருங்கள். கதவு திறந்தே கிடக்கும், இவள் வாசல் தாண்டமாட்டாள்.

நேற்று அவள் தம்பி உமேஷோடு நீங்கள் வந்தபோதும் கதவு திறந்துதான் இருந்தது. விருப்பப்பட்டுத்தான் இங்கே இருக்கிறாயா என்று கேட்டீர்கள். அவள் தலை குனிந்துகொண்டாள். உமேஷ் கீழே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நம்மூட்டுக்குப் போலாம். வர்றியாக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். உமேஷ் அழுதுவிட்டான்.

பயம் என்று நீங்கள் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். பயமெல்லாம் இல்லை, மேடம். என்மேல் அவளுக்கு மரியாதை. சொல்லப்போவது சரியா என்று என்னிடம் கேட்டாள், அவ்வளவுதான். நான் தலையை அசைத்திருந்தால் சொல்லியிருப்பாள். வர்றேன் என்று ஒரே சொல். அதில் ஒரு பிழையும் இல்லை. எனக்குத் தெரியும். நான் அசைக்கவில்லை.