இதயப் பிள்ளைகளின் பல் காத்த அனுசுயா அம்மையாருக்கு

ஆவடி மாநகரின் அருமருந்தே! அழுத பிள்ளையும் ஆவென்று வாய் திறக்கும் அன்புக் குரலே! குறடு பிடித்த கையிலும் குழைவு குறையாத குணக்குன்றே! பல்லைக் காத்துப் பிஞ்சு நெஞ்சங்களைக் காத்த பெருமாட்டியே! இன்று பணி நிறைவு பெறும் எங்கள் மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவுத் தலைவர் அனுசுயா அம்மையாரே! வணக்கம், வணக்கம், வணக்கம்!

மூன்று முறை வணங்கியதற்குக் காரணம் உண்டு. ஒரு முறை வணங்கினால், "சரி சரி, அடுத்த பேஷண்டைக் கூப்பிடுங்க" என்று எழுந்துவிடுவீர்கள். பணி, பண்பு, பொறுமை, புலமை என்று பத்தி பத்தியாக அடுக்கத்தான் முதலில் உட்கார்ந்தோம். பொறுமை என்ற இடம் வந்ததும் எழுதியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் குறுக்கே புகுந்து மறுக்கவும் தாங்கள் தயங்க மாட்டீர்கள். ஆகவே, யாரோ ஒரு டாக்டரைப் பற்றிப் பேசுவதுபோல் நடந்த கதை ஒன்றைச் சொல்கிறோம். மாலையைக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டருள வேண்டும்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, கஜபதி என்பவர் தம் மனைவி சுதாவோடும் ஆறு வயது மகள் ரேஷ்மாவோடும் இந்த டாக்டரின் அறைக்குள் நுழைந்தார். ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டர்; குடியிருப்பு குவார்ட்டர்ஸில். ரேஷ்மா, இதயத்தில் ஓட்டையோடும் நுரையீரலுக்குப் போகும் ரத்தவழி குறுகியும் பிறந்தவள். நாலடி ஓடினால் உதடு நாவற்பழம் தின்றதுபோல் நீலமாகிவிடும். அழுதாலும் அப்படித்தான். பட்டணத்துப் பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு அடுத்த திங்கட்கிழமை நாள் குறித்திருந்தார்கள். ஆனால் வாயில் சொத்தையும் சீழும் இருந்தால் கத்தி வைக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே ஒரு தேதி இதனாலேயே தள்ளிப்போயிருந்தது. இந்தத் தேதியும் போனால் மறுபடி எப்போது கிடைக்குமோ, அதுவரை பிள்ளை தாங்குமோ என்பது பெற்றவர்களின் திகில்.

"பல்லு டாக்டராண்ட போனா, ஹார்ட்டு கேஸு, நம்மால ஆவாதுன்றாங்க. ஹார்ட்டு டாக்டராண்ட போனா, பல்ல முடிச்சிகினு வான்றாரு. நான் இன்னா, ஒதைக்கற பந்தா டாக்டர்?" என்றார் கஜபதி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த நிலை. வெளியே ஏறி இறங்கிய பல் கிளினிக் எதிலும் குழந்தையின் வாயைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை.

டாக்டர் பார்த்தார். கீழ்வரிசையில் மூன்று பால்பற்கள் கரைந்து, ஈறு வீங்கிக் கிடந்தது. பல் துலக்குவதுண்டா என்று கேட்டதற்கு, சுதா சொன்ன பதில்தான் இந்த வேலையில் நாங்கள் அடிக்கடி கேட்கிற பதில். "தொலக்குனா ரத்தம் வர்து டாக்டர். ஹார்ட்டு கொழந்தைக்கு ரத்தம் போனா ஆவாதுன்னு உட்டுட்டேன். அழுதா நீலமாயிடுவா, அதான் வாயத் தெறக்கறதுக்குள்ள மிட்டாய் குட்த்துடுவோம்."

பாவம், அன்புதான்! அழவிடக் கூடாது என்று ஊட்டிய மிட்டாயும், ரத்தம் வரக் கூடாது என்று நிறுத்திய துலக்கலும் சேர்ந்து பிள்ளையை எந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன! டாக்டர் திட்டவில்லை. "துலக்காததாலதாம்மா ஈறு புண்ணாகி ரத்தம் வருது. அந்தப் புண்ணு வழியா கிருமி ரத்தத்துல ஏறி, ஹார்ட்டுல போய் உக்காந்துக்கும். இவளுக்குத்தான் மத்த பிள்ளைங்களைவிட நல்லா துலக்கணும்" என்று பொறுமையாகச் சொன்னார். ஆம், அன்றைக்குப் பொறுமை இருந்தது!

இதய மருத்துவரோடு போனில் பேசி, தர வேண்டிய கிருமிக்கொல்லி மருந்தின் அளவைக் கேட்டுக்கொண்டார். குழந்தை மருத்துவர் ஜஸ்டினை வரவழைத்துப் பக்கத்தில் நிறுத்தினார். எல்லாம் சரி. ஆனால் ஊசியை எடுக்கும்போது, நாற்பது பிள்ளைகளுக்கு ஒருநாளில் சொல்கிற அதே வார்த்தையைப் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார்: "வலிக்கவே வலிக்காது கண்ணு."

பிறந்ததிலிருந்து ஊசிகளோடே வளர்ந்த பிள்ளையிடமா இந்தப் பொய் செல்லும்! ரேஷ்மா வீறிட்டாள். விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி கூவியது. உதடு நீலமாகி, நகம் நீலமாகி, நுரையீரலுக்கு ரத்தம் போகும்படி ஜஸ்டின் அவள் முழங்கால்களை மார்போடு மடித்துப் பிடித்து ஆக்சிஜன் வைத்து, பிள்ளை திரும்பி வருவதற்குள் அந்த அறையில் இருந்தவர்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது. இன்றைக்கு வேண்டாம் என்று டாக்டர் கருவிகளை மூடினார். இனி இந்தப் பிள்ளை நம்மை நம்பாது, தேதியும் போய்விடும் என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. இதை அவரே பின்னாளில் எங்களிடம் சொன்னார்.

தாழ்வாரத்தில் அம்மாவின் மடியில் கிடந்த ரேஷ்மாவைப் பார்க்கப் போனார். தூரத்தில் மின்சார ரயிலின் ஊதல் கேட்டது. அரைக்கண் மூடியிருந்த குழந்தை முணுமுணுத்தது: "அன்னனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம்..." இதய மருத்துவமனைக்கு ரயிலில் போய்ப் போய், அவளுக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே ஸ்டேஷன்கள் மனப்பாடமாகியிருந்தன. டாக்டர் அப்படியே நின்றுவிட்டார். அடடா, வழி இங்கேயல்லவா இருக்கிறது!

வியாழக்கிழமை வரச் சொன்னார். மருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பே கொடுத்தாயிற்று. நாற்காலியில் ரேஷ்மா, தலைமாட்டில் டாக்டர். "இது ஆவடி லோக்கல். வண்டி ஓடும்போது வாய் திறந்திருக்கணும். ஸ்டேஷன் வந்தா மூடிக்கலாம், பேசலாம், திட்டக்கூட திட்டலாம். அன்னனூர் வர்றதுக்குள்ள ஒரு ஊசி. சுருக்னு வலிக்கும். நான் பொய் சொல்ல மாட்டேன். வேணாம்னா கையைத் தூக்கு, வண்டி நின்னுடும்."

ரேஷ்மா நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ஃபாஸ்ட் வண்டியா, ஸ்லோ வண்டியா?" என்று கேட்டாள்.

"எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கிற வண்டி."

வாய் திறந்தது! அன்னனூருக்கு முன்னால் ஊசி, கண்ணில் நீர் திரண்டது, ஆனால் அழவில்லை. திருமுல்லைவாயிலில் ஓய்வு. அம்பத்தூருக்கு முன்னால் முதல் பல் கையோடு வந்துவிட்டது! ஜஸ்டின் கருவியையே பார்த்துக்கொண்டு தலையாட்டினார். டாக்டர் வேண்டுமென்றே, "அடுத்து கொரட்டூர்" என்றார். சட்டென்று கை உயர்ந்தது. "பட்டரவாக்கத்த உட்டுட்டீங்க!" வண்டி பின்னால் போய்ப் பட்டரவாக்கத்தில் நின்று, மன்னிப்புக் கேட்டுப் புறப்பட்டது. வில்லிவாக்கத்துக்கு முன் இரண்டாம் பல், பெரம்பூருக்கு முன் மூன்றாம் பல்! சுதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கஜபதி யாரும் கேட்காமலே ஒவ்வொரு ஸ்டேஷனையும் சத்தமாக அறிவித்துக்கொண்டிருந்தார்.

"பேசின் பிரிட்ஜ். சிக்னல் இல்ல. பஞ்சைக் கடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் உக்காரணும்" என்றார் டாக்டர். வண்டிகள் சிக்னலுக்குக் காத்துக் கிடக்கும் இடம் அது; அந்த வழித்தடத்தில் போனவர் எவரும் இதை மறுக்க முடியாது, ரேஷ்மாவும் மறுக்கவில்லை. உதடு நீலமாகவில்லை, காய்ச்சல் வரவில்லை, சனிக்கிழமைக்குள் வீக்கம் வடிந்தது. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை குறித்தபடி நடந்தது.

நான்காம் நாள் பகலில், புறநோயாளிகள் பகுதி எள் விழ இடமில்லாமல் நிறைந்திருந்த வேளையில், கஜபதியின் போன் வந்தது. "டாக்டர்! கண்ணு தொறந்துட்டா! ஒதடு ரோஸ் கலர்ல கீது டாக்டர், நகமும் ரோஸா கீது! மொத தபா பாக்கறேன்!" டாக்டர் போனைக் கையில் பிடித்தபடி தாழ்வாரமெங்கும் ஓடினார். "ரோஸ் கலர்! ரோஸ் கலர்!" என்று சம்பந்தமே இல்லாத நோயாளிகளிடமெல்லாம் சொன்னார். பல்வலியோடு வந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள்.

அந்த டாக்டர் தாங்கள்தான் அம்மையாரே! மறுப்பு இருந்தால் வீட்டுக்குப் போய் மறுத்துக்கொள்ளுங்கள். அன்று தொடங்கிய வியாழக்கிழமை இதயப் பிள்ளைகள் பிரிவு ஒரு வாரமும் நின்றதில்லை. வெளியே மறுக்கப்பட்ட வாய்களெல்லாம் இங்கே திறந்தன. ரேஷ்மா இன்று ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

அச்சடித்த மடல் இங்கே முடிந்துவிட்டது. கீழே இருப்பது இன்று காலை நடந்ததைப் பார்த்துவிட்டு, அச்சுக்குப் போக நேரமில்லாமல் பேனாவால் எழுதியது. வெள்ளானூரிலிருந்து ஒரு தாய் எட்டு மாதக் குழந்தையோடு வந்திருந்தார். இதயத்தில் ஓட்டை, வாயில் அரிசிபோல் ஒரே ஒரு பல். தாங்கள் பதறிப்போய், "எங்கம்மா வீக்கம்? காய்ச்சல் இருக்கா? ஆபரேஷன் எப்போ?" என்று அடுக்கினீர்கள்.

"ஒண்ணியும் இல்ல டாக்டர். மொத பல்லு வந்துகீது. எப்படித் தொடைக்கணும்னு கேக்க வந்தேன்."

பணியின் கடைசி நாளில், ஒன்றுமே இல்லாமல் வந்த முதல் இதயக் குழந்தை! தாங்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

நல்லுடலும் நகைமுகமும் நீங்காமல் நூறாண்டு வாழ்க, தாயே! ஓய்வென்ற சொல்லைத் தங்களிடம் உச்சரிக்க எங்களுக்குத் துணிவில்லை. ஆகவே, வியாழக்கிழமைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்று மட்டும் வேண்டுகிறோம். இனி இந்த வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு தாயும், "ஒண்ணியும் இல்ல டாக்டர்" என்றே சொல்லக் கடவர்!

இங்ஙனம்,
என்றும் தங்கள் அதட்டலுக்கு ஏங்கும்
பல் மருத்துவப் பிரிவு, குழந்தைகள் பிரிவு ஊழியர்கள்,
ஆவடி.