குட்பிரான்டின் வாளி

நான் சொல்லப்போவது அத்தனையும் சத்தியம். என் படகின் மீதும் பொய்ப்பல்லின் மீதும் ஆணை. இந்த வயதில் வேறு சொத்து இல்லை. என் வாக்குமூலத்தை எழுதும் போலீஸ்காரி சோல்ஃப்ரிட் காபி நன்றாகப் போடுகிறாள். அதுவும் சத்தியம்.

ஸ்கார்வான் ஏரியில் ட்ரௌட்டைத் தவிர வேறு மீன் இருந்ததில்லை. நானும் குட்பிரான்டும் நாற்பது வருடம் அவன் படகில் போய் மீன் பிடித்தோம். குளிர்காலம் முழுக்கக் கொட்டகைத் தொட்டியில் ட்ரௌட் குஞ்சு வளர்ப்பான். பனி உருகியதும் ஏரியில் விடுவான். மனைவி போனபின் அவனுக்கு அதுதான் குடும்பம்.

எங்கள் பக்கம் மீன் விழும் இடத்தைப் பாதிரியாரிடம்கூடச் சொல்ல மாட்டோம். கேட்டால் எதிர்க்கரையைக் காட்டுவோம், அது பாவத்தில் சேராது. கரடிக்கல் பாறையடியில் மீன் விழுவது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். நான்கு வருடம் முன்பு அங்கே நான் பிடித்த ட்ரௌட்டின் படம் மாவட்டப் பத்திரிகையில் வந்தது. எனக்குப் பின்னால் கரடிக்கல், பளிச்சென்று. படம் எடுத்தது குட்பிரான்ட். அடுத்த ஞாயிறு கல்லைச் சுற்றிப் பதினெட்டுப் பேர். ஒருவன் சாய்வு நாற்காலியே கொண்டுவந்திருந்தான்.

“ஏன்டா பத்திரிகைக்குக் குடுத்தே?”

“நானில்லடா எய்லிஃப். நல்லா யோசிச்சுப் பாரு.”

“அப்ப கல்லே நடந்து போய்க் குடுத்துச்சா?”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குச் செரிக்கவில்லை.

கீழே பள்ளத்தாக்கு ஏரியொன்றில் ஐந்து யெட்டே பிடித்தேன். வாத்து அலகும் நாய்ப் பல்லும் கொண்ட, மற்ற மீன்களைத் தின்று தீர்க்கும் மீன். ட்ரௌட் இருக்கும் நீரில் அதை விடுவது குற்றம். உருளைக்கிழங்குக்கென்று குட்பிரான்டிடம் இரவல் வாங்கிய வாளியில் போட்டு, ஈரச்சாக்கால் மூடி, ஸ்கார்வானுக்குப் பஸ் ஏறினேன்.

“என்ன பெரியவரே, வாளியில?” என்றார் ஓட்டுநர்.

“சூப்பு.”

“வாலாட்டுதே.”

“இப்பத்தான் இறக்கினது.”

மறு வருடம் ஒரு யெட்டே, தாய் வாத்தையும் ஏழு குஞ்சுகளையும் வயது வரிசைப்படி விழுங்கியது. அடுத்த வருடம் ஒரு சுற்றுலாக்காரரின் ரப்பர் பூட்ஸைக் கவ்விப் போய், அளவு சரியில்லை என்று மறுநாள் கரையில் வைத்துவிட்டது. ட்ரௌட் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. குட்பிரான்ட் ஒரு யெட்டேயின் வயிற்றைக் கிழித்து என்னிடம் கொண்டுவந்தான். உள்ளே அவன் விட்ட குஞ்சுகள்.

“என் புள்ளைங்கடா” என்றான். காபியும் கேக்கும் கொடுத்தேன்.

காலி வாளியைக் கரையில், அதில் எழுதியிருந்த அவன் பெயர் தெரிகிற மாதிரி நிமிர்த்தி வைத்திருந்தேன். மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லலாம், ஆனால் சத்தியம் செய்துவிட்டேனே. யாரோ ஒருவர் அதைச் சங்கத்துக்கு எடுத்துப் போனார். மீன்பிடிச் சங்கம் கூடி அவனை நீக்கியது. நானும் கை தூக்கினேன்; தூக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது. பிறகு அதிகாரிகள் வந்து, யெட்டேயை ஒழிக்க ஏரிக்கு விஷம் வைத்தார்கள். யெட்டேயும் செத்தது, மிச்சமிருந்த ட்ரௌட்டும் செத்தது. செத்த ட்ரௌட்டையெல்லாம் பொறுக்கியது குட்பிரான்ட்தான். வேறு யாரும் அவனோடு படகில் ஏறவில்லை.

ஊரைவிட்டு மகள் வீட்டுக்குப் போகும் நாளில் அவன் என் வாசலில் நின்றான்.

“உன்மேல கோவமில்லடா. ஊரே கை தூக்குறப்ப நீ மட்டும் என்ன செய்வே? படக நீ வச்சுக்க.”

ஆணையிட்டேனே, அந்தப் படகுதான்.

இப்போது பஸ் ஓட்டுநர் வாலாட்டிய சூப்பை நினைவு வைத்துப் போலீஸிடம் சொல்லிவிட்டார். ஆமாம், விட்டது நான்தான். வாளியை வைத்ததும் நான்தான். ஆனால் முதலில் துரோகம் செய்தவன் அவன், அதை எழுதுங்கள் என்றேன்.

சோல்ஃப்ரிட் எழுதவில்லை. பத்திரிகை அலுவலகத்திலிருந்து வாங்கிவந்த பழைய உறையைப் பிரித்து மேசையில் வைத்தாள். படத்தோடு ஒரு துண்டுச் சீட்டு இருந்தது: “நாலு கிலோ ட்ரௌட். இடம், கரடிக்கல்லின் வடக்குப் பக்கம். என் பெயரைப் பெரிய எழுத்தில் போடவும்.”

கையெழுத்து என்னுடையது.